நோராவின் கல்லில் விடுபட்ட வருடம்

கோனரின் பூட்டி ஓர் அயர்லாந்துக்காரி. பெயர் நோரா. ரொறன்ரோவுக்கு வீட்டு வேலைக்கு வந்து, முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு இங்கேயே திருமணம் செய்தவர். கோனர் அதுவரை எங்களுக்குச் சொன்னது இவ்வளவுதான். அவனைத்தான் நான் திருமணம் செய்யப்போகிறேன். ஆகவே என் வீட்டாருக்கு இவ்வளவு போதாது.

ஆனி மாதக் கடைசியில், ஒரு சனிக்கிழமை, நோராவைத் தேடிப் போனோம். ரொறன்ரோவில் பழைய குடும்பமொன்றின் தடத்தை ஒரே நாளில் பார்த்துவர நினைப்பவர்களுக்கு இந்தக் குறிப்பு உதவலாம். மூன்று இடங்கள், ஒரு வான், மொத்தம் எண்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. வாகனம் இல்லாதவர்கள் பெரும்பகுதியை ஒருவருக்கு இரண்டு டொலர் எழுபத்தைந்து சதத்தில் சப்வேயிலும் பஸ்ஸிலும் முடிக்கலாம். நேரம்தான் கூட.

பின்னணியைச் சொல்லாமல் பயணத்தைச் சொல்ல முடியாது.

வைகாசியில் வன்னியில் போர் முடிந்தது. அப்பாவின் தம்பி, குணம் சித்தப்பா, கடைசியாகத் தை மாதத்தில் அங்கிருந்து தொலைபேசியில் பேசினார். பிறகு இல்லை. முகாம் ஒன்றில் இருக்கிறாரா, எங்குமே இல்லையா, தெரியாது. எங்கள் வீட்டில் அவர் இறந்துவிட்டார் என்று சொல்வதில்லை. காணாமல் போய்விட்டார் என்றும் சொல்வதில்லை. தொடர்பில்லை என்போம். இந்த வருடம் ஸ்காபரோவில் பல தமிழ் வீடுகளில் புழங்கும் சொல் இது.

எங்கள் திருமணத்தை ஆவணியில் வைப்பதாகப் பேசியிருந்தோம். வீட்டில் ஒருவர் இறந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் இல்லை, நல்ல காரியம் இல்லை. அதன்பிறகு வாழ்க்கை தன் பாட்டில் நடக்கும். ஆனால் இறந்தாரா என்றே தெரியாத ஒருவருக்குத் துடக்கு எந்த நாளில் தொடங்கும்? எந்த நாளில் முடியும்? ஐயரிடம் நாள் கேட்கவா என்று அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பா ஒரே சொல்லில் பதில் சொன்னார். பாப்பம். ஆவணிக்கு அதிக நாள் இருக்கவில்லை. இந்த ஆவணி தவறினால் அடுத்தது எப்போது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது அம்மா. வைகாசியிலிருந்து அவர் வேலைக்குப் போய்வந்த நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் தொலைக்காட்சிக்கு முன்னால்தான். இது அம்மாவின் காரணம். அப்பாவின் காரணம் வேறு. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட் முழுக்கத் தன்னைக் கேட்கிறார்கள், தனக்கு ஒரு பதிலும் தெரியவில்லை என்றார்.

"பூட்டியின்ரை ஊர் தெரியாது, தேப்பன்ரை பேர் தெரியாது. உவன் என்னெண்டு வளந்தவன்?"

கோனர் அருகில்தான் நின்றான். உவன் என்றால் தான் என்று அவனுக்கு இப்போது தெரியும்.

புறப்படும்போது ஒரு சின்னத் தர்க்கம். என் திட்டம்: முதலில் நோராவின் கோர்க்ரவுண் சேர்ச், பிறகு நோரா புதைக்கப்பட்ட சேமக்காலை, திரும்பும் வழியில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயில். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். சேமக்காலைக்குப் போன காலோடு கோயிலுக்குள் போவதா? திரும்பிவந்து வீட்டு வாசலைத் தாண்டுவதென்றாலே தலையில் தண்ணீர் வார்த்து முழுகிவிட்டுத்தான் தாண்ட வேண்டும்.

"ஆரோ வெள்ளைக்காரியின்ரை சேமக்காலை," என்றார் அப்பா. "எங்களுக்கென்ன துடக்கு? பூங்காவுக்குப் போட்டு வாற மாதிரித்தான்."

அம்மா வழிவிட்டார். ஆனால் தான் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அஜின்கோர்ட்டிலிருந்து கோர்க்ரவுணுக்கு இருபத்தைந்து கிலோமீற்றர். சனிக்கிழமை காலை என்றால் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம். வானை அப்பா ஓட்டினார். அப்பாவின் வானை அப்பா மட்டும்தான் ஓட்டுவார். நகரத்துக்குள் வாகனம் நிறுத்த மூன்று மணி நேரத்துக்கு ஒன்பது டொலர் கேட்டார்கள். கிங் வீதிக்குப் பின்னாலுள்ள சிறு தெருக்களில் இலவசமாக இடம் கிடைக்கும் என்று கோனர் சொன்னான். கிடைத்தது. அப்பாவிடம் அவனுக்கு அன்று கிடைத்த முதற் புள்ளி.

கோர்க்ரவுண் சிறிய இடம். செங்கல் வீடுகள், தோளோடு தோள் ஒட்டியவை. சில வீடுகளின் அகலம் எங்கள் கராஜின் அகலம்தான். அயர்லாந்திலிருந்து வந்த தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. இன்று அதே வீடுகளை வாங்க எங்கள் வருமானம் போதாது. முன்கதவுகளுக்குக் கடும் நீலம், கடும் சிவப்பு என்று பூசியிருக்கிறார்கள். வறுமை போன பிறகு வரும் நிறங்கள்.

சேர்ச்சுக்குள் போனோம். உயரமான கூரை. நிறக்கண்ணாடி வழியாக வந்த வெளிச்சம் மர வாங்குகளில் துண்டு துண்டாகக் கிடந்தது. அப்பா செருப்பைக் கழற்றப் பார்த்து, ஒருவரும் கழற்றவில்லை என்று கண்டு நிறுத்தினார். மெல்ல நடந்து பலிபீடத்துக்கு முன்னால் போய், சோடி எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று கேட்டார்.

இங்கே இல்லை என்றான் கோனர். எங்களை வெளியே கூட்டிவந்து பக்கத்திலிருந்த வீட்டைக் காட்டினான். பாதிரியார் குடியிருக்கும் வீடு. நோரா கத்தோலிக்கர். மாப்பிள்ளை அல்பேர்ட் புரட்டஸ்தாந்துக்காரர், தெருவில் ஓடும் ட்ராம் வண்டி ஓட்டுநர். அந்தக் காலத்தில் அப்படிக் கலந்து செய்யும் திருமணத்தைச் சேர்ச்சுக்குள் செய்யவிட மாட்டார்கள். பாதிரியாரின் வீட்டு முன்னறையில், பாட்டில்லை, பூவில்லை, மணியில்லை, பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பிவிடுவார்களாம். கோனர் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னான். நான் அந்த வீட்டின் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெள்ளைத் திரை. உள்ளே யாரோ வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

 சாப்பாடு யார் கொடுத்தது என்று அப்பா கேட்டார். கோனருக்குத் தெரியவில்லை. அல்பேர்ட்டின் அண்ணன் தம்பிமார் வந்தார்களா? அதுவும் தெரியவில்லை. நோராவின் பக்கம் யார் நின்றார்கள்?

"தெரியாது, அங்கிள்."

"உனக்கு என்னதான் தெரியும்?"

"பார்க்கிங் தெரியும்," என்றான் கோனர். தமிழில் சொன்னான். அவனுடைய தமிழில் எழுவாய் இருக்காது. ஆனால் நேரம் தவறாது. அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வானை நோக்கி நடந்தார்.

அடுத்தது சேமக்காலை. கோர்க்ரவுணிலிருந்து வடக்கே பத்துக் கிலோமீற்றர். அமைதியான குடியிருப்புத் தெரு ஒன்றின் முடிவில் இரும்புக் கேற். சனிக்கிழமைகளில் அலுவலகம் மதியம் வரைதான் திறந்திருக்கும், ஆகவே முந்திக்கொள்ளுங்கள். பெயரைச் சொன்னால் வரைபடத்தில் இடத்தைக் குறித்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். வரைபடம் இருந்தும் நாங்கள் இருபது நிமிடம் சுற்றினோம். பெரிய மரங்கள். அணில்கள். அப்பா சொன்னது சரிதான், பூங்கா மாதிரித்தான் இருந்தது.

கல்லைக் கண்டுபிடித்தது அப்பா. முழங்கால் உயரச் சாம்பல் கல். அதில் இரண்டு பெயர்கள். நோரா வீலன், பிறந்த வருடம், ஒரு கோடு, இறந்த வருடம். அதற்குக் கீழே டானியல் கீஹோ. 1896, ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

வீலன் கோனரின் குடும்பப் பெயர். அல்பேர்ட் வீலன் இந்தக் கல்லில் இல்லை. டானியல் கீஹோ யார் என்று கோனருக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் அன்று முதல்முறையாகச் சிரிப்பு இல்லை.

எங்கள் ஆட்கள் யாரும் செய்யக்கூடிய கணக்கைத்தான் அப்பா செய்தார். கனடாவில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே கல் வாங்குவார்கள். உயிரோடு இருப்பவரின் பெயரையும் முன்கூட்டியே வெட்டிவிட்டு, இறந்த வருடத்துக்கு மட்டும் இடம் விட்டுவைப்பார்கள். அப்பா இதை வேலையிடத்தில் கேள்விப்பட்டிருந்தார். ஆகவே இது நோராவின் இரண்டாவது கணவன். வருடம் வெட்டப்படவில்லை, ஆகவே ஆள் இன்னும் இருக்கிறார்.

"அப்பா, அவருக்கு இப்ப நூற்றிப் பதின்மூன்று வயது," என்றேன் கோனருக்காக.

"அப்ப ஓடிப்போட்டான். பிள்ளை, நான் சும்மா கேக்கிறன். உவையின்ரை பூட்டி ரெண்டு கலியாணம் செய்தவவோ? அஜின்கோர்ட்டிலை கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?"

பிறகு அவர் குனிந்து, கோட்டுக்குப் பிறகிருந்த வெறும் இடத்தை விரலால் தடவினார். வெட்டி அழிந்த தடம்கூட இல்லை. வழவழப்பான கல். இதைப் போகும்போது அலுவலகத்தில் சொல்ல வேண்டும், வருடம் விடுபட்டுப்போயிருக்கிறது, பிழையாக வெட்டிவிட்டார்கள் என்றார். வேறு எதையோ பற்றிப் பேசும் குரல் அது. நாங்கள் கேற்றுக்கு வந்தபோது அலுவலகம் பூட்டியிருந்தது. நல்லதுக்குத்தான்.

கோயிலுக்கு முன் இன்னுமொரு நிறுத்தம், தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு கோப்பிக் கடை. அங்கே கோனரின் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே மூத்தவர் எங்களுக்காகக் காத்திருந்தார். பெக். நோராவின் கடைசி மகள், எழுபத்தெட்டு வயது. முழங்கால் சரியில்லை, புல்லில் நடக்க மாட்டேன், கோப்பியோடு இருக்கிறேன், செத்தவர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று முதல் நாளே கோனரிடம் சொல்லியிருந்தார். நான்கு கோப்பியும் நான்கு டோனட்டும் பத்து டொலருக்குள் முடிந்தது. அப்பா கொடுத்தார். பெக் ஆங்கிலத்தில் பேசினார், அதை என் தமிழில் தருகிறேன்.

அப்பா உட்காரும் முன்பே டானியலைப் பற்றிக் கேட்டுவிட்டார். பெக் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது.

"என் அம்மாவுக்கு இரண்டாவது கணவனா? முதலாவதைச் சமாளிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை. டானி அம்மாவின் தம்பி."

இருவரும் ஒரே கப்பலில் வந்தவர்களாம். வேறு யாரும் கிடையாது. நோரா பணக்கார வீடொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். டானி கனடா இராணுவத்தில் சேர்ந்து போருக்குப் போனார். போர் முடிவதற்குச் சில மாதங்களுக்கு முன் காணவில்லை என்று தந்தி வந்தது. இறந்தார் என்று அல்ல. காணவில்லை. நோரா தன் திருமணத்தை இரண்டு முறை தள்ளிவைத்தார். போர் முடிந்தது. சிப்பாய்களை ஏற்றிய ரயில்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு ரயிலுக்கும் நோரா ஸ்ரேசனுக்குப் போனார். அல்பேர்ட்டும் வேலை நேரம் விட்டபோதெல்லாம் கூடப் போனார், தெரியாத முகங்களில் ஒரு தெரியாத முகத்தைத் தேட. ஒரு பனிக்காலம் முழுவதும் இப்படி.

ஒரு நாள் வெறும் பிளாற்ஃபாரத்தில் வைத்து நோரா அல்பேர்ட்டிடம் சொன்னாராம். பெக் அதைத் தன் தாயின் குரலில் சொன்னார், கொஞ்சம் கோபமாக.

"வியாழக்கிழமை கட்டிக்கொள்ளலாம். டானிக்காகக் காத்திருப்பது என்னுடைய வேலை. உன்னுடையது அல்ல."

வியாழக்கிழமை பாதிரியாரின் முன்னறையில் கட்டிக்கொண்டார்கள். அல்பேர்ட்டின் அண்ணன் தம்பிமார் வரவில்லை. சாப்பாடு ரொட்டியும் ஹாமும், நோரா வேலை செய்த வீட்டுச் சமையற்காரி கொடுத்து அனுப்பியது. அப்பா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார். அவருடைய கேள்விகளில் ஒன்றுக்காவது விடை வந்துவிட்டது.

ஆனால் நோரா காத்திருப்பதை நிறுத்தவில்லை என்றார் பெக். கார்த்திகையில் கத்தோலிக்கர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர்களைப் பாதிரியாரிடம் கொடுப்பார்கள், பூசையில் அவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். டானியின் பெயரை நோரா ஒரு வருடமும் கொடுக்கவில்லை. பாதிரியார் வீடு தேடி வந்து கேட்டும் கொடுக்கவில்லை. தான் செத்த பிறகு தன் கல்லில் அவன் பெயரையும் வெட்ட வேண்டும், இறந்த வருடம் மட்டும் போடக்கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருந்தார். அல்பேர்ட் நகரத்தின் மறுமுனையில் புரட்டஸ்தாந்துக்காரரின் சேமக்காலையில் கிடக்கிறார். அந்தக் காலத்தில் இறந்த பிறகும் கலக்க விடுவதில்லை.

அப்பா கோப்பியைச் சுற்றிச் சுற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி எப்போதோ கரைந்திருக்கும். தம்பி இல்லாமல் கலியாணம் செய்தது பிழை என்று உங்கள் அம்மா பிறகு எப்போதாவது நினைத்தாரா என்று கேட்டார். அப்பாவின் ஆங்கிலம் தொழிற்சாலை ஆங்கிலம், நேராகப் போய் நிற்கும்.

பெக் யோசித்தார்.

"டானி மேல்தான் கோபப்படுவார். வந்தால் முதலில் ஒரு அறை, என் கேக்கைச் சாப்பிட வராததற்கு என்பார். கேக் இருக்கவில்லை. அதற்கும் டானிதான் காரணம் என்பார்."

பிறகு, சாதாரணமாக, மழை வருமா என்று கேட்பதைப்போல, உங்களுக்கு யார் என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா சொன்னார். என் தம்பி. மிஸ்ஸிங்.

தையிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல். ஆங்கிலத்தில், டோனட் தூள் சிந்திய மேசையில், அன்றுதான் அறிமுகமான ஒரு பெண்ணிடம். பெக் பெயர் கேட்டார். அப்பா முழுப்பெயரையும் சொன்னார். குணரத்தினம். பெக் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.  தன் தட்டிலிருந்த பாதி டோனட்டை அப்பாவின் பக்கம் தள்ளினார். எச்சில் பார்க்கும் என் அப்பா அதை எடுத்துச் சாப்பிட்டார்.

வெளியே வந்ததும் அப்பா வான் திறப்பைப் பொக்கற்றிலிருந்து எடுத்துக் கோனரிடம் நீட்டினார்.  கோனர் சீற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டான். அவன் கால்கள் நீளம்.

பேவியூ வீதியால் வடக்கே இருபது கிலோமீற்றர் போனால் றிச்மண்ட் ஹில் கோயில். திட்டத்தின்படி அங்கேதான் போக வேண்டும். கோனர் அந்தப் பக்கம் திருப்பப் போனான்.

"கோயில் இண்டைக்கு வேண்டாம்," என்றார் அப்பா. "நேரா வீட்டை விடு."

கோனர் வானை வீட்டுப்பக்கம் திருப்பினான். வானொலி போடவில்லை. நான் பின் சீற்றிலிருந்து இரண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வழுக்கை ஒன்று, செம்பட்டை ஒன்று. அப்பா என்ன முடிவு செய்திருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கோயில் வேண்டாம் என்றால் நாளும் வேண்டாமா? கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

வீட்டில் அப்பா முன்வாசலுக்குப் போகவில்லை. கராஜைத் திறந்து, குளிர்கால ரயர்களுக்கு நடுவால் நடந்து, நேரே பேஸ்மன்ற்றுக்கு இறங்கினார். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் மேலே கேட்டது. நெடுநேரம் ஓடியது.

அம்மா குசினியிலிருந்து வந்தார். என்னைப் பார்த்தார். கீழ்ச் சத்தத்தைக் கேட்டார். அப்பா ஈரத்தலையோடு படியேறி வந்தபோது அம்மா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். காலையில் துடக்கில்லை என்றவர் முழுகிவிட்டு வருகிறார். அப்படியென்றால் செய்தி வந்துவிட்டது. அம்மாவுக்கு வேறெப்படி விளங்கும்?

"ஆர் சொன்னது?" என்றார் அம்மா. 

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை," என்றார் அப்பா. துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "உவன்ரை பூட்டிக்குத்தான் முழுகினனான். குணத்துக்கில்லை."

அம்மா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு நான் பாத்துக்கொண்டிருப்பன். அது என்ரை வேலை. நீ ஐயருக்குப் போன் அடிச்சு ஆவணியிலை நாள் கேள்," என்றார் அப்பா.

கராஜ் வாசலில் நின்ற கோனரை அப்போதுதான் கண்டார். பூட்டியின் சொந்தக்காரன் நீதானே, எனக்கு முதல் நீயல்லவா முழுகியிருக்க வேண்டும் என்று கையால் கீழே காட்டினார். கோனர் ஓம் என்று சொல்லிவிட்டுப் போனான். சுடுதண்ணீர் முடிந்திருந்தது. அவன் குளிர்ந்த தண்ணீரிலேயே முழுகிவிட்டு வந்தான்.

இதை எழுதும் இன்று நாள் குறித்தாயிற்று. பெக் வருகிறார். முன்வரிசையில், முழங்காலை நீட்ட வசதியாக இடம் வேண்டும் என்றார். கேக் உண்டா என்றும் கேட்டார். உண்டு.

இனிப் போக நினைப்பவர்களுக்கு. சனிக்கிழமை காலையிலேயே புறப்படுங்கள், சேமக்காலை அலுவலகம் மதியத்துக்குப் பிறகு இல்லை. கணவன் ஒரு மதம், மனைவி ஒரு மதம் என்றால் இரண்டு சேமக்காலைகளில் தேட வேண்டிவரும். இறந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கல்லைவிட உயிரோடு இருக்கும் ஒரு மகள் நல்லது, ஆகவே முதலில் அவரைக் கண்டு பேசுங்கள். நாங்கள் மாறிச் செய்தோம். கோயிலுக்கும் போவதாக இருந்தால் அதைக் காலையில் முடித்துவிடுங்கள். யாருக்கு முழுக வேண்டிவரும் என்று புறப்படும்போது உங்களால் சொல்ல முடியாது.

கோட்டுக்குப் பிறகு வருடம் இல்லாத கல்லைக் கண்டால் அலுவலகத்தில் போய் முறையிடாதீர்கள். அது விடுபட்டதல்ல.